பழைய வண்டிச் சாமான் விற்கிற, வாங்குகிற நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வீட்டில் சும்மா கிடக்கிற பழைய பைக்கின் பிளாக், கார்புரேட்டர், ஃபோர்க், டேங்க் எல்லாவற்றையும் படம் எடுத்துப் போட்டு, போனிலேயே விலை பேசி, ஜிபேயில் பணம் வாங்கிக்கொண்டு கூரியரில் அனுப்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். கடை கிடையாது, பில் கிடையாது. அதே மாதிரி முகம் தெரியாத ஒருவரை நம்பிப் பணம் போட்டுவிட்டு, பார்சல் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களும் நாம்தான். சாமான் போய்ச் சேர்ந்த பிறகு "இது நீங்கள் சொன்னது இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று ஒரு போன் வரும். அந்த இடத்தில் நாம் நடந்துகொள்கிற விதம் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. அதற்காகச் சேர்த்த உதிரிகளில் ஒரு சிலிண்டர் பிளாக் மிச்சமாகக் கிடந்தது. 3,200 ரூபாய் விலை சொல்லி விளம்பரம் போட்டேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். அவன் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: "அண்ணா, போர் ஸ்டாண்டர்டா?" சிலிண்டர் துளை கம்பெனி அளவிலேயே இருக்கிறதா என்று கேட்கிறான். நான் யோசிக்கவே இல்லை. "ஸ்டாண்டர்டுதான் தம்பி, பிஸ்டன் தலையிலேயே 50னு போட்டிருக்கு" என்றேன். ஆர்எக்ஸ் 100 சிலிண்டரின் விட்டம் 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். அப்படித்தான் அது 98 சிசி வண்டி. எனக்கு அது மனப்பாடம். அதனால் பிஸ்டனில் இருந்த 50 என்ற எண்ணுக்கு வேறு பொருள் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

அஞ்சு நாள் கழித்துப் போன் வந்தது. "அண்ணா, லேத்துல கேஜ் வச்சுப் பார்த்தாங்க. அம்பது புள்ளி அஞ்சுக்கு மேல வருதாம். நான் ஸ்டாண்டர்டு பிஸ்டன் கிட் வாங்கிட்டேன் அண்ணா." குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை, பயம்தான் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க லேத்துக்காரர் தப்பா அளந்திருப்பார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த இரண்டு நாள் அவன் கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் மனசு கேட்காமல் பரணில் இருந்த பழைய பிஸ்டனை இறக்கினேன். பெட்ரோலில் நனைத்த துணியால் கரியைத் துடைத்தேன். அம்புக்குறி தெரிந்தது, பக்கத்தில் 50 தெரிந்தது. எங்கள் தெரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அளக்கிற வெர்னியரை எடுக்கக்கூட இல்லை. "இது அம்பது மில்லி இல்லப்பா, புள்ளி அம்பது. ரெண்டாவது போர் அடிச்ச வண்டி" என்றார். தேய்ந்த சிலிண்டரை லேத்தில் கொடுத்து ஒவ்வொரு தடவையும் கால் மில்லி பெரிதாக்குவார்கள். அதற்கேற்ற பிஸ்டன்களின் தலையில் 25, 50, 75, 100 என்று அடித்திருக்கும். அது எத்தனை நூறில் ஒரு பங்கு மில்லி கூடியிருக்கிறது என்பதற்கான கணக்கு. நான் அதை முழு மில்லியாகப் படித்திருக்கிறேன்.

அந்தப் பையனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிளாக்கின் விலை 3,200, அவன் கொடுத்த கூரியர் காசு 180, திருப்பி அனுப்ப ஆகும் காசு எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். "பாதி விலைக்கு வச்சுக்கிறியா, புள்ளி அம்பது பிஸ்டன் போட்டா நல்லாவே ஓடும்" என்றும் கேட்டேன். வேண்டாம் என்றான். அது அவன் உரிமை. தப்பாகச் சொன்னது நான், வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்ய வேண்டியது அவன். பணம் போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த இரண்டு நாள் அவன் என்னை ஒரு ஏமாற்றுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தான் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மிடம் வருகிற தகராறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். விற்றவர் திருடர் இல்லை, வாங்கியவரும் திருடர் இல்லை. சொன்ன ஒரு சொல் தப்பாக இருக்கிறது. ஆனால் புகார் வந்தவுடனே "என்னையா சந்தேகப்படுகிறாய்" என்று விற்றவருக்குச் சுருக்கென்று ஆகிவிடுகிறது. அங்கிருந்து பேச்சு சாமானை விட்டு விலகி, மானம் மரியாதைக்குப் போய்விடுகிறது.

பழைய வண்டி உதிரிக் கடைகள் நிறைந்த சென்னை புதுப்பேட்டையில் போய் நின்று வாங்கினால் கதை வேறு. சாமானைக் கையில் எடுப்போம், திருப்பிப் பார்ப்போம், சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போவோம். அங்கே நம் கண்ணையும் கையையும் நம்பி வாங்குகிறோம். ஆன்லைனில் வாங்குகிறவனுக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. விற்கிறவர் சொன்ன வார்த்தையும் நாலு படமும்தான் அவனிடம் இருக்கின்றன. அதற்குத்தான் அவன் காசு கொடுக்கிறான். ஆகவே அந்த வார்த்தைக்கு விற்கிறவர்தான் பொறுப்பு.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1930-ம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 16-வது பிரிவில், பொருளின் தரத்துக்கும் பயன்பாட்டுக்கும் விற்பவர் தானாகவே பொறுப்பாவது, பெரும்பாலும் அந்தப் பொருளைத் தொழிலாக விற்கிறவர்களைப் பற்றியது. வீட்டில் கிடந்த ஒற்றைக் கார்புரேட்டரை விற்கிறவருக்கு அந்தச் சுமை இல்லை. ஆனால் அதற்கு முந்தைய 15-வது பிரிவு எல்லோருக்கும் பொது. இன்ன பொருள், இன்ன அளவு என்று விவரம் சொல்லி விற்றால், பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். நீங்கள் கடைக்காரரா, வங்கியில் வேலை பார்க்கிறவரா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

அதனால்தான், விளம்பரத்தின் கடைசியில் "ரிட்டர்ன் கிடையாது" என்று போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிற நண்பர்களிடம் சண்டை போடாமல் இருக்க முடியவில்லை. அந்த வரிக்கு மதிப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. "படத்தில் உள்ளபடி, ஓட்டிப் பார்க்கவில்லை, உள்ளே எப்படி இருக்கிறது என்று தெரியாது, ரிட்டர்ன் கிடையாது" என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அது நியாயமான வியாபாரம். வாங்குகிறவர் தெரிந்தேதான் துணிகிறார். ஆனால் "ஸ்டாண்டர்டு போர்" என்று மேலே எழுதிவிட்டு, கீழே "ரிட்டர்ன் கிடையாது" என்று எழுதினால், கீழ் வரியை வைத்து மேல் வரியை அழிக்க முடியாது.

சரி, எதுவுமே சொல்லாமல் இருந்துவிட்டால்? இதற்கு 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு குதிரைக் கதை வருகிறது. ஒருவர் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறார், குறையைச் சொல்லவில்லை. அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். ஆனால் வாங்குகிறவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, விற்கிறவர் வாயைத் திறக்காமல் நின்றால், அந்த மௌனமே பேச்சுக்குச் சமம். குதிரையை எடுத்துவிட்டு அலாய் வீலை வைத்துப் பாருங்கள். "அண்ணா, வெல்டிங் எதுவும் இல்லல்ல?" என்று ஒருவர் மெசேஜ் போடுகிறார். நீங்கள் அதற்குப் பதில் போடாமல் "அட்ரஸ் அனுப்புங்க" என்று மட்டும் போடுகிறீர்கள். 150 வருடத்துக்கு முன்னாலேயே இதை யோசித்துவிட்டார்கள்.

வீல், ஃபோர்க், பிரேக் டிஸ்க், ஹேண்டில்பார் விஷயத்தில் நான் சட்டம் வரைக்கும் போகவே மாட்டேன். அவற்றில் குறை என்று யாராவது சொன்னால் வாதாட வேண்டாம், திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோர்க் பைப்பைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்து உருட்டினாலே வளைவு தெரிந்துவிடும், அதற்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. அந்த ரெண்டு நிமிஷத்தை விற்கும் முன்பே செலவழித்துவிடலாம். வெல்டிங் வைத்த வீலைப் பெயின்ட் அடித்து மறைத்து விற்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வண்டியில் பின்னால் குழந்தை உட்கார்ந்து போகும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

எலக்ட்ரிக்கல் சாமான் நேர் எதிர். சிடிஐ (ஸ்பார்க் நேரத்தைக் கட்டுப்படுத்துகிற பெட்டி), காயில், ரெகுலேட்டர் இவற்றைக் கடைக்காரர்களே திருப்பி வாங்குவதில்லை, அதில் நியாயம் இருக்கிறது. ஒரு வயரை மாற்றிக் கொடுத்தால் நல்ல யூனிட்டும் புகைந்துவிடும், யார் தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. இதை விற்கிறவர் தன் வண்டியில் மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஓடுகிற வீடியோ ஒன்று அனுப்பிவிட வேண்டும். வாங்குகிறவர் அதைப் பார்த்துவிட்டு, திருப்பிக் கேட்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டு வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் நிம்மதி.

இப்போது வாங்குகிறவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். எல்லாத் தப்பும் விற்பவர் பக்கம் என்று நான் சொல்லவில்லை.

போன வருடம் ஒரு கார்புரேட்டர் விற்றேன். "ஃப்ளோட் பௌல் வெடித்திருக்கிறது" என்று, அடியில் பெட்ரோல் தேங்குகிற கிண்ணத்தின் படம் வந்தது. படத்தில் இருந்தது என் கார்புரேட்டரே இல்லை. நான் அனுப்பும் எல்லாச் சாமானிலும், சட்டென்று கண்ணில் படாத இடத்தில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வைத்து அதைப் படம் எடுத்து வைத்திருப்பேன். அந்தப் புள்ளி இருக்கிற இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டேன், அதற்கப்புறம் பதிலே வரவில்லை. தன் வீட்டு உடைசலைக் கொடுத்துவிட்டு அடுத்தவன் நல்ல சாமானை வைத்துக்கொள்வது திருட்டு. அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது.

கூரியர் ரசீதில் எடை அச்சாகிறது, அதைப் பத்திரமாக வையுங்கள். திரும்பி வருகிற பார்சலின் எடை அதோடு ஒத்துப்போகிறதா என்று பிரிப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். வாங்குகிறவர் பார்சலைப் பிரிக்கும்போது, மேலே ஒட்டிய முகவரியில் ஆரம்பித்து சாமான் வெளியே வருகிற வரைக்கும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்கட்டும். இதில் யாரையும் சந்தேகப்படுவதாக அர்த்தம் இல்லை. நாளைக்கு அவரே உங்களிடம் நியாயம் கேட்க வரும்போது அவர் கையில் இருக்கப்போகிற ஒரே சாட்சி அது.

அளவு பார்க்க வேண்டியதை மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். ஆர்எக்ஸ் 135 பிளாக்கை வாங்கிவிட்டு 100-ல் உட்காரவில்லை என்று விற்றவரைத் திட்டுவதில் நியாயம் இல்லை. லேத்தில் கொடுத்து இன்னொரு போர் அடித்துவிட்டால், வெட்டிவிட்டால், வெல்டிங் வைத்துவிட்டால், அது உங்கள் சாமான் ஆகிவிட்டது. அப்புறம் திருப்பித் தர முடியாது, சட்டப்படியும் முடியாது. நியாயமான கால அவகாசத்துக்குள் "வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் அந்த 1930 சட்டமும் சொல்கிறது. அது எத்தனை நாள் என்று எழுதி வைக்கவில்லை. நான் வாங்குகிறவர்களிடம் முன்கூட்டியே "கையில் கிடைத்ததிலிருந்து மூன்று நாள்" என்று சொல்லிவிடுகிறேன். லேத்துக்குப் போய் அளந்து வர மூன்று நாள் போதும். மனசு மாறிவிட்டது, வேறு இடத்தில் 500 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்பதற்கெல்லாம் யாரும் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

வழியில் உடைந்தால் யார் பொறுப்பு? இது அடிக்கடி வருகிற சண்டை. கூரியரிடம் ஒப்படைத்துவிட்டால் வாங்கியவரிடம் கொடுத்த மாதிரிதான் என்பது பொதுவான சட்ட விதி. உடனே சந்தோஷப்பட வேண்டாம். பொருளுக்கு ஏற்ற மாதிரி, நியாயமான முறையில் அனுப்பி வைக்க வேண்டியது விற்பவர் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆர்எக்ஸ் பிளாக்கைச் சுற்றியிருக்கிற ஃபின், அதாவது சூட்டைத் தணிக்கிற மெல்லிய தகடு, தரையில் இடித்தால் முறுக்கு மாதிரி உடையும். அதை ஒரு சாக்கில் போட்டுக் கட்டி அனுப்பிவிட்டு "கூரியர்காரன் உடைத்துவிட்டான்" என்றால் நான் ஏற்கமாட்டேன். பழைய டயர் ட்யூபை வெட்டி ஃபின்களைச் சுற்றிக் கட்டி, மேலே அட்டை வைத்து, அட்டைப்பெட்டிக்குள் ஆடாமல் வைத்தால் எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றும் ஆகாது. டேங்க்கை வடித்து ரெண்டு நாள் வெயிலில் மூடியைத் திறந்து வைத்து, பெட்ரோல் வாசனை போன பிறகுதான் கட்ட வேண்டும். ஒழுங்காகக் கட்டியும் உடைந்தால் நட்டத்தைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்வோம் என்று விலை பேசும்போதே பேசிவிடுங்கள்.

பணத்தைத் திருப்புகிற முறை பற்றி ஒரு எச்சரிக்கை. எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்குத்தான் திருப்ப வேண்டும். "என் மச்சான் நம்பருக்கு அனுப்புங்க" என்றால் முடியாது என்று சொல்லுங்கள். ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால், எங்கோ ஒருவர் கொடுத்த சைபர் புகாருக்கு உங்கள் கணக்கு முடக்கப்படலாம். "தெரியாமல் 8,000 அதிகமாகப் போட்டுவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று சொல்லி எஸ்எம்எஸ் காட்டினால், எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். வாங்கியவர்களுக்கும் ஒன்று: ரீஃபண்ட் வர வேண்டும் என்றால் கியூஆர் கோடு ஸ்கேன் செய்யச் சொல்பவர் உங்கள் பணத்தை எடுக்கத்தான் பார்க்கிறார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

இன்ஜின் எண் அடித்திருக்கிற கிராங்க் கேஸ் (இன்ஜினின் கீழ்க்கூடு) பற்றி ஒரே வரி: ஆர்சி நகலும் விற்பவரின் அடையாளமும் இல்லாமல் விற்காதீர்கள், வாங்காதீர்கள். திருட்டுச் சாமான் என்று தெரிந்தால் விற்றவர் முழுப் பணத்தையும் தந்தாக வேண்டும், விற்கிற உரிமையே அவருக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு நாலு வண்டி வாங்கிப் பிரித்து விற்கிற சிலர், புகார் வந்தால் மட்டும் "நான் தனி ஆள், கடை இல்லை" என்கிறார்கள். விற்பதற்கென்றே வாங்குகிறவர் வியாபாரிதான், போர்டு மாட்டாவிட்டாலும் வியாபாரிதான். 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவர் மேல் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் புகாருக்குக் கட்டணம் கிடையாது. உண்மையிலேயே இரண்டு தனி ஆட்களுக்குள் வந்த சண்டை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து லோக் அதாலத்தில் உட்கார்ந்து பேசலாம், அதற்கும் கட்டணம் இல்லை. 3,000 ரூபாய்க்கு யார் போவார்கள் என்று கேட்கலாம். போக வேண்டி வராமல் இருப்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தகராறு வந்த அன்றைக்கே எதிராளியின் போட்டோ, போன் நம்பர், வீட்டு முகவரி எல்லாவற்றையும் "மோசடிப் பேர்வழி" என்று போட்டுப் பரப்பாதீர்கள். அந்தப் பையன் இரண்டு நாள் பொறுத்திருந்தான். அவன் பொறுக்காமல் என் படத்தைப் போட்டிருந்தால், நான் பரணில் ஏறி அந்தப் பிஸ்டனை எடுத்திருப்பேனா, அல்லது அவனோடு சண்டைக்குப் போயிருப்பேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. முதலில் என்ன குறை என்று படத்தோடு எழுதுங்கள், என்ன வேண்டும் என்று எழுதுங்கள், பதில் சொல்ல ரெண்டு நாள் கொடுங்கள். விற்றவர்கள் அந்த ரெண்டு நாளில் போனை எடுங்கள்.

திரும்பி வந்த அந்தப் பிளாக்கை அப்புறம் விற்றுவிட்டேன். அதற்கு நான் எழுதிய விளம்பரம் இது:

"ஆர்எக்ஸ் 100 சிலிண்டர் பிளாக். 0.50 போர் அடித்தது, கேஜ் வைத்து அளந்த படம் கீழே. கீழ்ப்பக்கம் ஒரு ஃபின் ஓரம் உடைந்திருக்கிறது, அதன் படமும் இருக்கிறது. உள்ளே பிஸ்டன் இறுகிச் சீஸ் ஆன கீறல் இல்லை. நான் வாங்கிய பிறகு வண்டியில் மாட்டி ஓட்டியதில்லை. விலை 2,000, கூரியர் தனி. கையில் கிடைத்து மூன்று நாளுக்குள், வேலை எதுவும் செய்யாமல் இருந்தால், நான் எழுதியதற்கு மாறாக இருந்தால், முழுப் பணமும் இரண்டு பக்கக் கூரியர் காசும் தருகிறேன்."

ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் கேட்டார்கள். முதலில் கேட்டவருக்குக் கொடுத்தேன்.

அன்புடன்,
ஓர் ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவன்
திண்டுக்கல்